இரு தீவுகளுக்கிடையே முப்பத்து நான்கரை மணி: விமானி கிங்ஸ்போர்டு ஸ்மித்தின் வாழ்க்கை

நாகப்பட்டினத்திலிருந்து கிள்ளான் துறைமுகம் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், நம் பாட்டனார் காலத்தவர் மைல் கணக்குச் சொன்னதில்லை. ஏழெட்டு நாள் கப்பல் என்றே சொன்னார்கள். ரஜூலா கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்குத் தொலைவு என்பது நாள் கணக்கேயன்றி மைல் கணக்கு அன்று. இன்று நம் மாணவர்களைக் கேட்டால் அவர்களும் மைல் கணக்குச் சொல்வதில்லை. சென்னைக்கு நாலு மணி நேரம், பினாங்குக்கு ஒரு மணி நேரம் என்கிறார்கள். அளக்கும் கோல் ஒன்றேதான். நாள் மணியாயிற்று, அவ்வளவே.

பினாங்கும் தீவு, சிங்கப்பூரும் தீவு. அவ்விரு தீவுகளின் விமான நிலையங்களுக்கு இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கீழே குனிந்து பார்த்தால் நிலம் உடன்வந்துகொண்டே இருக்கும்: பேராக், சிலாங்கூர், ஜொகூர் என ஒன்றன்பின் ஒன்றாக. ஆனால் கீழே ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத இரு தீவுகளை எண்ணிப் பாருங்கள். வடக்கே ஹவாய்த் தீவுகள். தென்மேற்கே பீஜித் தீவுகள். நடுவில் பசிபிக் மாக்கடல். தொலைவு 3155 மைல், அதாவது 5077 கிலோமீட்டர். 1928ஆம் ஆண்டு வரையில் அவ்வழியே ஒருவரும் பறந்ததில்லை. முதலில் பறந்தவரின் வரலாற்றையே இக்கட்டுரையில் எழுதப் புகுந்தோம். அவர் பெயர் சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித். ஆஸ்திரேலிய மக்கள் அவரைச் செல்லமாக ஸ்மித்தி என அழைத்தனர்.

அவர் வெள்ளைக்காரராயிற்றே, அவர் வரலாறு நம் தமிழ்ப்பள்ளி மலரில் எதற்கு என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு உண்டு. அவர் சென்று இறங்கிய பீஜித் தீவில் நம் இனத்தவர் வாழ்ந்தனர்; இன்றும் வாழ்கின்றனர். அவர் உயிர் துறந்ததோ, நம் நாட்டை நோக்கி வரும் வான்வழியில்.

ஸ்மித் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். தந்தையார் வங்கி ஒன்றில் பணியாற்றியவர். குடும்பம் 1903இல் கனடா நாட்டின் வான்கூவர் நகருக்குச் சென்று, 1907இல் சிட்னிக்குத் திரும்பியது. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாள், ஒன்பது வயதுச் சிறுவனாய் இருந்தபோது, சிட்னியின் பாண்டி கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்த அவரை அலை இழுத்துச் சென்றது. கரையிலிருந்தோர் நீந்திச் சென்று மீட்டனர். அன்று அவர்கள் சற்றே பிந்தியிருந்தால் இவ்வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். கடலிடமிருந்து அவர் ஒரு முறை தப்பினார் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிப் படிப்பை முடித்துப் பதினாறாம் வயதில் அவர் தொழில் பயிலச் சேர்ந்த இடம் கொலோனியல் சர்க்கரை ஆலைக் கழகம். இப்பெயரைக் கண்டதும் நாம் சற்று நின்றுவிட்டோம். ஏனெனில் பீஜித் தீவில் கரும்புத் தோட்டங்களையும் ஆலைகளையும் நடத்தி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரை வேலை வாங்கியதும் அதே கழகமே. நம் முன்னோர் இங்கே சஞ்சிக்கூலி என்றழைக்கப்பட்டது போல, அங்கே சென்றோர் தம் ஒப்பந்தத்தைக் கிர்மிட் என்றனர். 1879 முதல் 1916 வரை 60,000க்கு மேற்பட்ட இந்தியர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. தமிழர், தெலுங்கர், மலையாளிகள் என ஏறத்தாழ 15,000 பேர் அவ்வழியே சென்றனர். அவர்களது கடற்பயணம் வாரக்கணக்கில் நீண்டது. சென்றவர்களுள் பலர் ஊர் திரும்பவில்லை. பிள்ளை சர்க்கரை ஆலையில் தொழில் பயின்றுகொண்டிருந்த அதே நாளில், அவ்வாலைக்குரிய கரும்பை நம்மவர் வெட்டிக்கொண்டிருந்தனர்.

முதல் உலகப்போர் மூண்டது. 1915இல் பதினெட்டு வயது நிரம்பியதும் ஸ்மித் படையில் சேர்ந்தார். கலிப்பொலியில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் பணியைச் செய்தார். பின்னர் விமானப் பயிற்சி பெற்று, 1917இல் பிரான்சு நாட்டு வானில் போரிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பகைவர் குண்டு அவரது இடப்பாதத்தைச் சிதைத்தது. பாதத்தின் பெரும்பகுதியை மருத்துவர் அகற்ற நேர்ந்தது. வீரத்திற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது. குறைபட்ட அந்தக் காலாலேயே பிற்காலத்தில் விமானத்தின் மிதிகட்டையை மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டு அவர் பறந்தார்.

போர் முடிந்தபின் அவர் பட்ட பாடு சிறிதன்று. இங்கிலாந்தில் காசுக்கு ஆட்களை ஏற்றி வேடிக்கைப் பயணம் காட்டினார். அமெரிக்காவில் சாகசப் பறப்பு நடத்தினார். ஆஸ்திரேலியா திரும்பி, மேற்குப் பகுதியில் தபால் விமானம் ஓட்டினார். பசிபிக்கைக் கடக்க வேண்டும் என்னும் ஆசை அப்போதே மனத்தில் வேரூன்றிவிட்டது. அதற்குப் பணம் வேண்டுமே! நண்பர் கீத் ஆண்டர்சனுடன் சேர்ந்து கார்னார்வன் என்னும் ஊரில் லாரித் தொழில் நடத்திப் பொருள் சேர்த்தார். புழுதிச் சாலையில் ஆட்டு மயிர் மூட்டை ஏற்றிச் சென்ற லாரியிலிருந்து வளர்ந்ததே பசிபிக் பயணம் என்று சொன்னால் மிகையாகாது.

1927இல் சார்லஸ் உல்ம் என்பவருடன் ஆஸ்திரேலியாவை 10 நாள் 5 மணி நேரத்தில் விமானத்தில் சுற்றிவந்து புகழ் பெற்றார். அப்புகழைக் கைம்முதலாகக் கொண்டு அமெரிக்காவுக்குச் சென்றார். ஆனால் அங்கே காலம் அவருக்கு எதிராக இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு நடந்த விமானப் பந்தயத்தில் பத்துப் பேர் மாண்டனர். இரண்டு விமானங்கள் கடலில் சுவடு தெரியாமல் மறைந்தன. அதன்பின் கடல் கடக்கும் விமானம் என்றாலே பணமுடையோர் கதவைச் சாத்தினர். ஸ்மித்தும் உல்மும் கடனில் மூழ்கினர். வாங்கிய விமானத்தையே விற்கும் நிலை வந்தபோது, ஆலன் ஹான்காக் என்னும் அமெரிக்கச் செல்வர் அதனைத் தாமே வாங்கிப் பயணத்திற்கு உதவினார். பின்னர் விமானத்தை அவர்களுக்கே கொடையாகவும் அளித்துவிட்டார். காத்திருந்து சலித்துப்போன நண்பர் ஆண்டர்சன் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். அதனால் நட்பில் கசப்பு விளைந்தது. அக்கசப்பின் முடிவைப் பின்னர்ச் சொல்வோம்.

விமானத்தின் பெயர் சதர்ன் கிராஸ், அதாவது தென்சிலுவை. நம் நாட்டிலும் மே மாத இரவில் தெற்கே தாழ்வானத்தில் நான்கு விண்மீன்கள் சிலுவை வடிவில் தோன்றும். கோலாலம்பூரின் வெளிச்சத்தில் காண்பது அரிது. தோட்டப்புற மாணவர்கள் எளிதில் காணலாம். அந்த விண்மீன் கூட்டத்தின் பெயரையே விமானத்திற்குச் சூட்டினார்கள். அது மூன்று இயந்திரங்களைக் கொண்ட போக்கர் விமானம். சிறகு மரத்தாலானது, உடல் இரும்புக் குழாய்களின்மேல் துணி போர்த்தியது. ஸ்மித்தும் உல்மும் முன்னே விமானிகளாய் அமர்ந்தனர். பின்னே ஹாரி லயன் வழிகாட்டியாகவும், ஜேம்ஸ் வார்னர் வானொலி இயக்குநராகவும் இருந்தனர். இவ்விருவரும் அமெரிக்கர். முன்னவர்க்கும் பின்னவர்க்கும் நடுவே பெட்ரோல் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. இயந்திரங்களின் இரைச்சலில் பேச்சுக் கேளாது. ஆகையால் சீட்டில் எழுதி, குச்சியின் நுனியில் செருகி நீட்டிக்கொண்டனர். வகுப்பில் ஆசிரியர் அறியாமல் சீட்டு அனுப்பும் மாணவர் இதைக் கேட்டு மகிழ வேண்டாம். அவர்கள் அனுப்பிய சீட்டுகளில் திசையும் எண்ணெய்க் கணக்குமே இருந்தன.

1928ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலிருந்து புறப்பட்டனர். 27 மணி 25 நிமிடத்தில் ஹவாயின் வீலர் விமானத்தளத்தை அடைந்தனர். இப்பகுதியை ஏற்கனவே சிலர் பறந்து கடந்திருந்தனர். அடுத்ததுதான் எவரும் அறியாத பகுதி. பெட்ரோல் நிறைத்த விமானம் ஓடி எழுவதற்கு வீலர் தளம் போதாது. எனவே அருகிலுள்ள கவாய் என்னும் தீவுக்குச் சென்று, அங்கே கடற்கரை மணல்வெளியில் அமைத்த நீண்ட ஓடுதளத்தைப் பயன்படுத்தினர். அவ்விடத்திற்குக் குரைக்கும் மணல் என்று பெயர். காய்ந்த மணலை மிதித்தால் நாய் குரைப்பது போன்ற ஓசை எழுமாம்.

ஜூன் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், விமானம் எழுந்தது. பீஜி எங்கே இருக்கிறது என்பதை நிலப்படத்தில் பாருங்கள். எவ்வளவு பெரிய நீலம், எவ்வளவு சிறிய புள்ளி! வழியில் திசை ஒரே ஒரு பாகை பிசகினால், 5077 கிலோமீட்டர் சென்று முடிக்கும்போது 88 கிலோமீட்டர் விலகிப்போயிருக்கும். கணிதப் பாடத்தில் கோணமானியை வைத்து ஒரு பாகை என்பது எவ்வளவு மெல்லியது என்று பார்த்த மாணவர்க்கு இது விளங்கும். காற்றோ நேராய் வீசுவதில்லை, பக்கவாட்டில் தள்ளும். பகலில் சூரியனையும் இரவில் விண்மீன்களையும் அளந்து, லயன் இடத்தைக் கணக்கிட வேண்டும். முகில் மூடினால் அளக்க ஒன்றும் இராது.

முகில் மூடவே செய்தது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது பெருமழையும் இடிமின்னலும் சூழ்ந்தன. நம் நாட்டில் மாலை மழையைப் பார்த்துப் பழகிய நமக்கு நிலநடுக்கோட்டு மழை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. விமானிகளின் இருக்கை நன்றாக மூடப்படவில்லை. நீர் உள்ளே புகுந்து நனைத்தது. மேலே ஏறிப் புயலைத் தாண்டலாம் என்றால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். தாழ்ந்து பறந்தாலோ இருளில் கடல் எங்கே என்று தெரியாது. கருவிகளின் முள்ளை மட்டும் பார்த்து இரவு முழுவதும் பறந்தனர். எதிர்க்காற்று வலுத்தபோது பெட்ரோல் பீஜி வரை போதுமா என்னும் ஐயம் அவர்களை வாட்டியது. இறங்கலாம் என்றால் எங்கே இறங்குவது? ஒன்பது வயதில் பாண்டி கடற்கரையில் மூழ்கித் தப்பியவர்தாமே அங்கே அமர்ந்திருந்தார்!

மறுநாள் பகலில் பீஜித் தீவுகள் கண்ணுக்குத் தென்பட்டன. பிற்பகலில் தலைநகர் சூவாவை அடைந்தனர். பறந்த நேரம் 34 மணி 30 நிமிடம். இங்கே மாணவர்க்கு ஒரு புதிர். ஞாயிறு விடியலில் புறப்பட்டு 34 மணி 30 நிமிடம் பறந்தால் இறங்கும் நாள் திங்கள் பிற்பகல்தானே? ஆனால் சூவாவில் அன்று செவ்வாய்க்கிழமை, ஜூன் 5. திங்கட்கிழமை எங்கே போயிற்று? ஹவாய்க்கும் பீஜிக்கும் இடையே அனைத்துலகத் தேதிக்கோடு செல்கிறது. அதை மேற்கு நோக்கித் தாண்டுவோர் ஒரு நாளை இழப்பர். கிழக்கு நோக்கித் தாண்டுவோர் ஒரு நாளை மீண்டும் பெறுவர். கடிகாரத்தையும் நாட்காட்டியையும் மட்டும் நம்பிப் பயண நேரத்தைக் கணக்கிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

சூவாவில் விமான நிலையம் இல்லை. அதற்குமுன் அயல்நாட்டிலிருந்து ஒரு விமானமும் அங்கே பறந்து வந்ததில்லை. இறங்குவதற்கென ஒதுக்கிய இடம் ஆல்பர்ட் பூங்கா என்னும் விளையாட்டுத் திடல். நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பள்ளித் திடலில் ஒரு பெரிய விமானம் வந்து இறங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் விடுதிக் கட்டடம், மறு பக்கம் மேடு. மரங்களை வெட்டி, குறுக்கே சென்ற கம்பிகளை அகற்றி வைத்திருந்தனர். அந்நாளைய விமானத்திற்குச் சக்கரத்தில் தடை இல்லை. திடலின் முடிவு நெருங்கியதும் ஸ்மித் விமானத்தைச் சட்டென்று வளைத்துத் திருப்பி நிறுத்தினார். இறங்கியவர்களுக்கு இயந்திர இரைச்சலால் காது அடைத்திருந்தது. வரவேற்றோர் பேசியது அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அதே தீவில்தான், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1926இல், நாடி என்னும் ஊரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் நிறுவப்பட்டது. சாது குப்புசாமி அதற்கு வித்திட்டவர். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் வேண்டும் என்பதே அச்சங்கத்தாரின் முதல் கவலை. கூலியில் மிச்சம் பிடித்துப் பள்ளி கட்டிய கதை பீஜியிலும் நடந்தது, சிலாங்கூரிலும் நடந்தது. இன்று பீஜிக்குச் செல்வோர் இறங்கும் பெரிய விமான நிலையம் அந்த நாடியிலேயே இருக்கிறது. அவ்வூரில் சிவ சுப்பிரமணிய சுவாமி ஆலயத்தின் கோபுரத்தையும் காணலாம். ஹவாயின் ஹொனலூலு விமான நிலையத்திலிருந்து நாடிக்குத் தற்கால ஜெட் விமானம் ஏழு மணி நேரத்திற்குள் சென்றுவிடுகிறது. தொலைவு ஏறக்குறைய அதே 5100 கிலோமீட்டர்தான். தீவுகள் நெருங்கிவரவில்லை.

சதர்ன் கிராஸின் வேகத்தை மாணவர்களே கணக்கிடலாம். 5077ஐ 34.5ஆல் வகுத்தால் மணிக்கு 147 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸை அடுத்துள்ள கே.எல். சென்ட்ரலிலிருந்து சிப்பாங் விமான நிலையம் 57 கிலோமீட்டர். அங்கே விரைவு ரயில் 28 நிமிடத்தில் செல்கிறது. அந்த ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். பசிபிக்கைக் கடந்த விமானத்தைவிட, நாம் விமானம் ஏறப் போகும் ரயில் விரைவாக ஓடுகிறது! அவ்வேகத்தில் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குச் சதர்ன் கிராஸ் பறந்தால் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும்.

சூவாவின் திடல், பெட்ரோல் நிறைத்த விமானம் எழுவதற்குப் போதாது. எனவே நசிலாய் என்னும் கடற்கரைக்கு விமானத்தைக் கொண்டுசென்று, அங்கிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 20 மணி நேரம் பறந்து, ஜூன் 9ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் இறங்கினர். 26,000 மக்கள் திரண்டு வரவேற்றனர். பசிபிக் மாக்கடலை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு முதன்முதலாக விமானம் கடந்துவிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்கும் இடைநில்லாமல் பறந்து காட்டினார்.

புகழின் உச்சியில் இருந்தபோதே இடி விழுந்தது. 1929 மார்ச் 31ஆம் நாள் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட சதர்ன் கிராஸ், வழி தவறி, ஆஸ்திரேலியாவின் வடமேற்கே சேற்று நிலத்தில் இறங்கியது. பன்னிரண்டு நாள் வரையில் அவர்களைக் காணோம். தேடப் போனவர்களுள் பழைய நண்பர் கீத் ஆண்டர்சனும் ஒருவர். கசப்பை மறந்து, பாப் ஹிட்ச்காக் என்பவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பழைய சிறு விமானம் ஒன்றில் புறப்பட்டார். டானமி பாலைவனத்தில் இயந்திரக் கோளாறால் இறங்கினார். தண்ணீரில்லாமல் இருவரும் அங்கேயே மாண்டனர். ஸ்மித்தோ உயிருடன் மீட்கப்பட்டார்.

விளம்பரத்திற்காக வேண்டுமென்றே தொலைந்துபோனார் என்று ஒரு சாரார் பழி சுமத்தினர். விசாரணைக் குழு அப்பழியை ஏற்கவில்லை. ஆயினும் பழி முற்றும் நீங்கியதாகச் சொல்வதற்கில்லை. அவர் போதிய உணவும் கருவிகளும் எடுத்துச் செல்லாமல் புறப்பட்டது குற்றமே என்பது நம் கருத்து. அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர். பெரியோர் வரலாற்றை எழுதும்போது இதுபோன்ற பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதுவது முறையன்று.

அதன்பின் அவர் அட்லாண்டிக் கடலைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்ததும், 1930இல் ஓக்லாந்தை மீண்டும் அடைந்து உலகைச் சுற்றி முடித்ததும், அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து டார்வினுக்குத் தனியே பத்து நாளுக்குள் வந்ததும், 1932இல் சர் பட்டம் பெற்றதும் விரித்துரைக்க இடமில்லை. உல்முடன் சேர்ந்து அவர் தொடங்கிய விமான நிறுவனத்தின் சதர்ன் கிளவுட் என்னும் விமானம் 1931 மார்ச்சில் எட்டுப் பேருடன் மலைகளுக்கிடையே மறைந்தது. அதன் சிதைவு 1958இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நிறுவனம் நொடித்தது. வானத்தில் வென்றவர் வாணிகத்தில் வெல்லவில்லை.

நம் நாட்டோடு தொடர்புடைய நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1931 நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்களை விமானத்தில் அனுப்பினர். சதர்ன் சன் என்னும் அந்த விமானம் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டார் நகரில் இறங்கிவிட்டுப் புறப்படும்போது விபத்துக்குள்ளாகியது. மழையால் தளம் நீர் கோத்துக் கிடந்ததால் விமானம் எழ முடியவில்லை. நவம்பர் மாதத்துக் கெடா வயல்வெளியை அறிந்தோர்க்கு இதில் வியப்பிராது. விமானம் சிதைந்தது, கடிதங்கள் பிழைத்தன. செய்தி அறிந்த ஸ்மித், தாமே சதர்ன் ஸ்டார் என்னும் மற்றொரு விமானத்தை ஓட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து அலோர் ஸ்டாருக்கு வந்தார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே பறந்தார். டிசம்பர் 16ஆம் நாள் இலண்டனின் குரோய்டன் நிலையத்தில் இறங்கினார். கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் மிச்சமிருந்தது. ஊர்க் கடிதத்தை எதிர்பார்த்து லயத்து வாசலில் நின்ற தலைமுறைக்கு, அக்கடிதங்கள் உரிய நாளுக்கு முன் சேர்ந்ததன் அருமை தெரியும்.

1934இல் பி.ஜி. டெய்லர் என்னும் துணைவருடன் லேடி சதர்ன் கிராஸ் என்னும் புதிய விமானத்தில் பசிபிக்கை எதிர்த்திசையில் கடந்தார். மீண்டும் சூவாவின் அதே ஆல்பர்ட் பூங்கா, மீண்டும் நசிலாய் கடற்கரை, மீண்டும் ஹவாய். இம்முறை மிக விரைவாகவே சென்றார். அடுத்த மாதம், டிசம்பரில், அதே கடலில் பழைய துணைவர் உல்ம் மறைந்தார். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுகளைத் தேடிச் சென்ற அவர் விமானம் தீவுகளைக் காணாமல், பெட்ரோல் தீர்ந்து கடலில் இறங்கியது. எத்தனை நாள் தேடியும் கிடைக்கவில்லை. பாகைக் கணக்கை மேலே சொன்னது இதனால்தான்.

1935 மே 15ஆம் நாள் பழைய சதர்ன் கிராஸ், மன்னரின் வெள்ளிவிழாத் தபாலுடன் நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. கடல்மேல் பாதி வழியில், இயந்திரத்தின் புகைக்குழாய்த் துண்டு ஒன்று பெயர்ந்து வலப்புறச் சுழல்விசிறியை உடைத்தது. அந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினர். சிறிது நேரத்தில் இடப்புற இயந்திரம் எண்ணெய் குறைந்து எரியத் தொடங்கியது. நின்றுபோன வலப்புற இயந்திரத்திலோ எண்ணெய் வீணே நிறைந்திருந்தது. டெய்லர் என்ன செய்தார் தெரியுமா? கதவுக்கு வெளியே இறங்கி, சிறகைத் தாங்கும் கம்பத்தில் கால் வைத்து, புயற்காற்றில் ஊர்ந்து சென்று, நின்ற இயந்திரத்திலிருந்து எண்ணெயைத் தேநீர்க் குடுவையில் பிடித்தார். திரும்பி வந்து, மறுபுறம் ஊர்ந்து சென்று, எரியும் இயந்திரத்தில் ஊற்றினார். ஒரு முறை அன்று, ஆறு முறை இவ்வாறு செய்தார். விமானம் தாழ்ந்துகொண்டே வந்ததால் தபால் மூட்டைகளைக் கடலில் வீச நேர்ந்தது. அலோர் ஸ்டாரில் கடிதங்களைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த அதே மனிதர், இங்கே மூன்று உயிரைக் காக்கக் கடிதங்களைக் கடலுக்குக் கொடுத்தார். சிட்னி வந்து சேர்ந்தனர். டெய்லருக்கு வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அவ்வாண்டே ஸ்மித்தின் இறுதி ஆண்டு. வயது 38. மனைவியும் இளம் மகனும் வீட்டில் இருந்தனர். நவம்பர் 6ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து லேடி சதர்ன் கிராஸில் புறப்பட்டார். துணைக்கு டாமி பெதிபிரிட்ஜ் என்னும் இயந்திர வல்லுநர் இருந்தார். ஆஸ்திரேலியாவுக்கு முன்னிருந்தோரைவிட விரைவில் போய்ச் சேர்வதே நோக்கம். மறுநாள் அலகாபாத்தை அடைந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்கு 3500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை ஒரே மூச்சில் பறக்கப் புறப்பட்டார். வங்காள விரிகுடாவையும் அந்தமான் கடலையும் ஒட்டி, பர்மாக் கரை வழியே, நம் தீபகற்பத்தின் நீளத்திற்கும் பறந்து விடிந்தபின் சிங்கப்பூரில் இறங்க வேண்டும்.

நவம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் அவர் இறங்கவில்லை. அவ்விரவில் அதே வழியே தனியாகப் பறந்த மெல்ரோஸ் என்னும் இளம் விமானி, கடல்மேல் புயலில் ஒரு விமானம் புகைக்குழாயில் தீச்சுடர் தெரியச் செல்வதைக் கண்டதாகக் கூறினார். அவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பிச் சென்று தேடினார். விமானப்படையினரும் தேடினர். பயனில்லை.

பதினெட்டு மாதம் கழித்து, 1937 மே மாதத்தில், பர்மாவின் மார்த்தபான் வளைகுடாவில் உள்ள ஆயே தீவின் கரையில் மீனவர் ஒரு பொருளைக் கண்டெடுத்தனர். அது விமானத்தின் கால். சக்கரமும் அதனுடனே இருந்தது. விமானத்தைச் செய்த நிறுவனத்தார் அது லேடி சதர்ன் கிராஸினுடையதே என உறுதி செய்தனர். எஞ்சிய பகுதிகள் அந்தக் கடலடியிலேயே கிடக்கின்றன. சிட்னி நகரின் விமான நிலையம் ஸ்மித்தின் பெயரைத் தாங்கியுள்ளது. கோலாலம்பூரிலிருந்து அங்கே செல்வோர் எட்டு மணி நேரத்தில் இறங்குகின்றனர். மீனவர் கண்டெடுத்த அந்தச் சக்கரம் அந்நகரின் அரும்பொருட்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. கரையொதுங்கிய நாளில் அதன் டயரில் காற்று இறங்காமலே இருந்தது.